ஜி.எஸ்.டி. சாலையும் ஜீப்பின் ஸ்டியரிங் ஆட்டமும்

கரடுமுரடான பாதைக்கென்று வடிவமைக்கப்பட்ட வண்டி, வழுவழுப்பான நெடுஞ்சாலையில் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டும்போது, ஸ்டியரிங் சக்கரம் ஓட்டுநரின் கைப்பிடியையும் மீறி இடமும் வலமுமாக உதறத் தொடங்குவதை மெக்கானிக்குகள் 'ஆட்டம்' என்றும் 'வபுள்' என்றும் சொல்கின்றனர். சென்னைப் புறநகரான தாம்பரத்திலிருந்து திண்டிவனம் வரையிலான ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலை 2000களில் நான்கு வழிச் சாலையாக்கப்பட்டு, தாம்பரம்–மதுரவாயல் புறவழிச்சாலையும் பயன்பாட்டுக்கு வந்த பிறகு, நெரிசலில் மெதுவாகவே ஓடிப் பழகிய பழைய ஜீப்புகளுக்கு அந்த வேகம் எளிதில் எட்டுவதாயிற்று. இந்த ஆட்டத்தைப் புரிந்துகொள்ளவும் தீர்க்கவும் வேண்டிய கல்வியும் தொழிலும் அச்சாலையை ஒட்டிய புறநகர்களிலேயே அரை நூற்றாண்டுக்கு முன்பே வேரூன்றியிருந்தன என்பது இப்பகுதியின் தொழில் வரலாற்றில் உரிய கவனம் பெற வேண்டிய செய்தி.

ஆட்டத்தின் வரலாறு 1920களில் தொடங்குகிறது. காற்றழுத்தம் குறைந்த, பருத்த 'பலூன்' டயர்கள் பரவியபோது, சவாரி மென்மையானாலும் முன்சக்கரங்கள் உதறும் கோளாறு எங்கும் தலைதூக்கியது. பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் புரூலியே 1925இல் இதனை ஆராய்ந்து எழுதினார். அன்றைய கார்களில் இரு முன்சக்கரங்களையும் ஒரே இரும்பு அச்சு இணைத்திருந்தது. ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் அச்சு முழுவதும் சாய்கிறது. வேகமாகச் சுழலும் பொருள் எதுவாயினும், அதன் அச்சைச் சாய்க்கும்போது சாய்த்த திசைக்குக் குறுக்காகத் திரும்ப முயலும், இதுவே கைரோஸ்கோப் விளைவு எனப்படுவது. ஆகவே மேலும் கீழுமான துள்ளல் இட வலத் திருப்பமாக மாறுகிறது, அந்தத் திருப்பம் மீண்டும் துள்ளலைத் தூண்டுகிறது, இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1934 மாடல் கார்களில் ஒவ்வொரு முன்சக்கரத்தையும் தனித்தனியே தாங்கும் அமைப்பைக் கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். ஆயினும் 1941இல் போருக்கென உருவான வில்லிஸ் ஜீப், உறுதியையும் நான்கு சக்கர இயக்கத்தின் எளிமையையும் முன்னிட்டு ஒற்றை அச்சையே வைத்துக்கொண்டது. வில்லிஸ் வழிவந்த ஜீப்பை 1940களின் இறுதியிலிருந்து இந்தியாவில் உருவாக்கி வந்த மஹிந்திராவும் அந்த அமைப்பையே பல பத்தாண்டுகளுக்குத் தொடர்ந்தது.

இதற்கு நேர்மாறான அமைப்புள்ள வண்டிகள் வண்டலூரில் தயாராயின. 1948இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம், அங்கிருந்த தன் ஆலையில் 1961 முதல் உருவாக்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் முன்சக்கரங்கள் தனித்தனியே தாங்கப்பட்டிருந்தன. ஒரு சக்கரத்தின் துள்ளல் மற்றொன்றைச் சாய்க்க அதில் வழியில்லை. ஆக, 1960களில் ஒரே ஜி.எஸ்.டி. சாலையில் இரு தலைமுறை முன்னச்சுகள் அருகருகே ஓடின என்றும், பழையது என்று தோன்றிய ஜீப்பின் அச்சே ஹெரால்டை விட நீண்ட காலம் வாழ்ந்தது என்றும் சொல்லலாம். வண்டலூர் ஆலையின் உற்பத்தி 1980களின் இறுதியில் நின்றுபோயிற்று.

கல்வியின் பக்கம் நோக்கினால், சி. ராஜம் 1949இல் குரோம்பேட்டையில் நிறுவிய மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி, வானூர்திப் பொறியியலையும் ஆட்டோமொபைல் பொறியியலையும் தொடக்கம் முதலே ஒரே வளாகத்தில் கற்பித்தது. இந்த இணைப்பு பொருள் பொதிந்தது, ஏனெனில் சக்கர உதறல் இரு துறைகளுக்கும் பொதுவான சிக்கல்: தரையிறங்கும் விமானத்தின் மூக்குச் சக்கரமும் இதே காரணங்களால் உதறும், அதனை அடக்க அங்கும் எண்ணெய் நிரம்பிய தணிப்பான்கள் பொருத்தப்படுகின்றன. சில கிலோமீட்டர் தெற்கே, தாம்பரத்தில், விமானப் படையின் பயிற்சித் தளம் இருப்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

தொழிலின் பக்கம் வேளச்சேரி முதன்மை பெறுகிறது. 1929இல் வணிக நிறுவனமாகத் தோன்றிய ரானே (மெட்ராஸ்), 1960 வாக்கில் வேளச்சேரியில் டை ராடு எண்டுகளைத் தயாரிக்கத் தொடங்கியது. டை ராடு என்பது சக்கரங்களை ஒன்றோடொன்று ஒத்துத் திரும்பச் செய்யும் கம்பி. அதன் முனையில், கிண்ணம் போன்ற கூட்டுக்குள் உருளும் எஃகுக் குண்டே டை ராடு எண்ட். அந்தக் குண்டுக்கும் கூட்டுக்கும் இடையே தேய்மானத்தால் தோன்றும் இடைவெளியை மெக்கானிக்குகள் 'பிளே' என்கின்றனர். வில்லிஸ் வழி ஜீப்புகளில் ஸ்டியரிங் பெட்டியிலிருந்து வரும் கம்பி நேரே சக்கரத்துக்குச் செல்லாமல், நடுவிலுள்ள பெல் கிராங்க் என்னும் திருப்புக் கையைத் தொட்டு, அதிலிருந்து இரு டை ராடுகளாகப் பிரிவதால், தேயக்கூடிய மூட்டுகள் அதிகம். ஒவ்வொன்றிலும் தோன்றும் சிறு பிளே அடுத்ததோடு கூடுகிறது.

கோளாறைக் கண்டறிவதில் முதற்படி, எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன்னரே, ஆட்டம் எப்போது வருகிறது என்று வரையறுப்பதாகும். 6.00-16 அளவுள்ள ஜீப் டயரின் சுற்றளவு சுமார் 2.26 மீட்டர், மணிக்கு 80 கிலோமீட்டரில் அது நொடிக்கு ஏறத்தாழ 10 முறை சுழல்கிறது. கனமான ஒற்றை அச்சு ஸ்பிரிங்குகளின்மேல் இயல்பாகத் துள்ளும் வேகமும் இதையொத்தது என்பதால், அந்த வேகத்தில் சிறு குறையும் பெரிதாக வெளிப்படுகிறது. ரிம்மின் விளிம்பில் 30 கிராம் எடை கூடுதலாக இருந்தால், அவ்வேகத்தில் அது ஒவ்வொரு சுற்றிலும் 2 கிலோவுக்கும் மேற்பட்ட விசையோடு சக்கரத்தை வெளிநோக்கி இழுக்கும்; பாதி வேகத்தில் அவ்விசை கால் பங்குதான். எனவே குறிப்பிட்ட வேகத்தில் தோன்றி, அதைத் தாண்டியதும் அடங்கும் சீரான நடுக்கம், வீல் பேலன்சிங் குறையையோ, நெளிந்த ரிம்மையோ, ரிம்முக்குள் காய்ந்து ஒட்டிய சேற்றையோ சுட்டுகிறது. முன்சக்கரங்களைப் பின்னுக்கு மாற்றிப் பார்த்தால், நடுக்கம் ஸ்டியரிங்கை விட்டு இருக்கைக்குப் போய்விடும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் வருவது டிரம் அல்லது டிஸ்க்கின் குறை.

பாலத்தின் இணைப்பிலோ பள்ளத்திலோ ஏறியதும் திடீரென்று வெடித்து, வண்டியை வெகுவாக வேகம் குறைத்தால் மட்டுமே நிற்கும் ஆட்டம் வேறு வகை, ஆபத்தானதும் அதுவே. அதன் காரணம் மூட்டுகளின் தளர்ச்சி. சக்கரங்கள் தரையில் நிற்க ஒருவர் ஸ்டியரிங்கைச் சிறிது சிறிதாக இருபுறமும் அசைக்க, மற்றொருவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் கைவைத்துப் பார்ப்பதை விஞ்சும் சோதனை இன்றுவரை இல்லை. அடுத்து ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைக்க வேண்டும். பிரேக்கை மிதித்ததும் அசைவு மறைந்தால் குறை வீல் பேரிங்கில், மறையாவிட்டால் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின்னின் பேரிங்கில். நேராக ஓடிய நிலையிலேயே பல்லாயிரம் கிலோமீட்டர் கழிவதால் அந்த பேரிங்கில் ஒரே இடத்தில் குழி விழுகிறது. மெல்லிய தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் அதன் இறுக்கத்தைச் சரிசெய்தால், அந்த இறுக்கமே ஆட்டத்தைத் தணிக்கும். கிங் பின்னின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணமாகிய காஸ்டர், சைக்கிளின் முன்கவை போலச் சக்கரத்தை நேராக ஓட வைப்பது. அச்சைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்தாலோ, உயரம் கூட்டுவதற்காக அவற்றை மாற்றினாலோ அது குறைந்துவிடும், அச்சுக்கும் பட்டைக்கும் இடையே ஆப்புத் தகடு வைத்து மீட்க வேண்டும்.

இவை எதையும் பாராமல் ஸ்டியரிங் டேம்பர் என்னும் எண்ணெய்த் தணிப்பானைப் பொருத்தி அனுப்புவது தவறான வைத்தியம். தேய்ந்த மூட்டு தேய்ந்தபடியே இருக்க, அறிகுறி மட்டும் மறைகிறது. டேம்பர் தளரும் நாளில் ஆட்டம் முன்னிலும் கடுமையாகத் திரும்பும்.

செங்கல்பட்டை அடுத்த மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2012இல் திறக்கப்பட்ட மஹிந்திரா ரிசர்ச் வேலி, இதே சாலையை ஒட்டி இந்த வரலாற்றின் அடுத்த கட்டத்தைத் தொடங்கிவைத்தது. 2020இல் வெளிவந்த மஹிந்திராவின் 'தார்' வண்டியின் முன்சக்கரங்கள், 1961இன் ஹெரால்டைப் போலவே, தனித்தனியே தாங்கப்பட்டவை. கைரோஸ்கோப் விளைவு வளர்க்கும் ஆட்டத்துக்கு அதில் இடம் மிகக் குறைவு. பெரிய சேற்று டயர்களை அதில் பொருத்துவோர் எதிர்கொள்வது பேலன்சிங் குறையால் எழும் சீரான நடுக்கத்தையே. அதற்குரிய சோதனை இப்போதும் டயரிலிருந்தே தொடங்குகிறது.