நிலைநினைவகம்

2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் யோங் பெங் வட்டாரத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. அதன் பின்னர் என் பழைய மாணாக்கர் ஒருவர், மழையளவைப் பதியும் சிறு மின்கருவியொன்றைச் செய்தார். ஓரிரவு இடிமழையில் மின்சாரம் நின்றது. மீண்டபோது பதிவுகளுள் ஒன்றுகூட எஞ்சவில்லை. "நிலைநினைவகச் சில்லைத்தானே வைத்தேன், ஐயா!" என்றார். அப்பெயரை அவருக்குச் சொன்னவன் நானே. ஆதலின் அதன் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன்.

அமெரிக்காவில் இராபர்ட்டு நாய்சும் கார்டன் மூரும் 1968இல் தோற்றுவித்த இன்டெல் நிறுவனத்தின் முதல் விளைபொருளே ஒரு நிலைநினைவகந்தான். 1969இல் வெளிவந்த அச்சில்லின் எண் 3101. கொள்ளளவு 64 பிட்டுகள். இன்று கணினியில் பெரிதும் வழங்கும் யூனிகோடு முறையில் 'அம்மா' என்றெழுத 120 பிட்டுகள் வேண்டும். அன்னையை அழைக்கவே இரு சில்லுகள்!

1970இல் அந்நிறுவனம் 1103 என்னும் இயங்கு நினைவகத்தை வெளியிட்டது. அதில் செய்தி மின்னூட்டமாகத் தங்கும். ஓட்டைக் குடத்து நீர்போல் கசியும். நொடிக்குப் பன்னூறு முறை புதுப்பித்தாக வேண்டும். நிலைநினைவகத்திலோ ஒவ்வொரு பிட்டையும், இந்நாளில் பெரும்பாலும், ஆறு டிரான்சிஸ்டர்கள் ஒன்றையொன்று தாங்கிக் காக்கின்றன. புதுப்பிக்க வேண்டாமையையே 'நிலை' என்னும் அடை சுட்டிற்று. மின்சாரம் அற்றபின்னும் அழியாமையை அன்று. இடம் மிகுதியாகக் கொள்வதால் இது விலையும் மிகுந்தது.

இன்டெல்லின் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலை 1972இல் பினாங்கில் எழுந்தது. நமக்கு அண்மையிலுள்ள மூவாரில் 1974இல் இத்தாலியின் எஸ்.ஜி.எஸ். நிறுவனம் காலூன்றியது. இத்தகைய ஆலைகளில் நம் நாட்டுப் பெண்கள் உருப்பெருக்காடியில் கண்பதித்து, மயிரினும் மெல்லிய பொற்கம்பிகளைச் சில்லுகளில் இணைத்தனர். அவர்தம் உழைப்பைப்பற்றித் தமிழில் நான் படித்தது மிகச் சொற்பம்.

மழைக்கருவிக்கு வருவோம். 62256 என்னும் வகையின் கொள்ளளவு 32,768 பைட்டுகள். ஐந்து மணித்துளிக்கொருமுறை நான்கு பைட்டுகள் பதிந்தால் 28 நாள்களுக்குப் போதும். மழையளவுக்கு 10 நானோநொடி வேகம் எதற்கு? விரைவுச் சில்லுகள் மின்சாரத்தை மிகுதியாக உண்பன. 70 நானோநொடி தாராளம். தேட வேண்டியது, ஓய்வில் மிகக் குறைந்த மின்சாரம் கொண்டு 2 வோல்ட்டிலும் செய்தியைக் காக்கும் வகையே. அதற்கு 3 வோல்ட்டுப் பொத்தான் மின்கலம் ஒன்று துணை நிற்கும். மின்சாரம் வீழும் கணத்தில் பிழைப்பதிவு நேராதவாறு சில்லின் தேர்வுமுனையை அடைத்தலும் வேண்டும்; மாணாக்கர் முதலில் மறந்தது இதையுந்தான். இப்போது இரண்டையும் செய்து, கருவியை மீண்டும் கூரையோரம் பொருத்தியுள்ளார்.