3டி கேமரா ஆபரேஷன்... கூடுதல் காசு கொடுக்கணுமா?

ஒரு கண்ணை மூடிக்கிட்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்க. நூல் ஊசிக் காதுக்கு முன்னாடி நிக்குதா, பின்னாடி நிக்குதான்னே பிடிபடாது. நுண்துளை ஆபரேஷன் செய்யும் டாக்டர்களில் பெரும்பாலானவங்க இப்படித்தான் வயித்துக்குள்ள தையல் போடுறாங்க. உள்ளே போவது ஒரே ஒரு கேமராக் கண். அது காட்டுவது தட்டையான படம்.

இது உங்களுக்கு எதுக்கு? அயோத்தியாப்பட்டணத்தில் இருக்கும் உங்க அம்மாவுக்குப் பித்தப்பையில் கல்லுன்னு ஸ்கேன்ல வந்திருக்குன்னு வெச்சுப்போம். சேலத்துக்கு பஸ் ஏறுறீங்க. ஓர் ஆஸ்பத்திரியில் ‘லேப்ராஸ்கோப்பி’ என்கிறார்கள். இன்னொன்றில் ‘3டி லேப்ராஸ்கோப்பி’, அதுக்குத் தனி ரேட். அந்த ‘3டி’க்காக நகையை அடகு வைக்கலாமா?

உங்க ஊர் கோதண்டராமர் கோயிலுக்குப் போயிருப்பீங்க. விதானத்தில் இருப்பது ஓவியம், தூணில் இருப்பது சிற்பம். ஓவியத்தில் ஒருத்தர் இன்னொருத்தரை மறைத்து நின்றால், மறைப்பவர் முன்னாடி இருக்கார்னு மூளையே கணக்குப் போட்டுக்கும். சிற்பத்துக்கு அந்தக் கணக்கே தேவையில்லை. 2டி திரையைப் பார்க்கும் சர்ஜன் செய்வது அந்த ஓவியக் கணக்கைத்தான். எது எதை மறைக்குது, கேமரா அசையும்போது எது வேகமா நகருது என்பதை வைத்து ஆழத்தை ஊகிக்கிறார். வருஷக்கணக்கான பழக்கத்தில் வரும் வித்தை இது.

3டி எண்டோஸ்கோப்பில் இரண்டு கண்கள். இரண்டு படங்களும் ஒரே திரையில் வரும். ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ காலத்திலிருந்து தியேட்டரில் நாம மாட்டுற மாதிரியான கண்ணாடிதான், சர்ஜனின் வலது கண்ணுக்கு ஒன்றையும் இடது கண்ணுக்கு இன்னொன்றையும் பிரித்துக் கொடுக்குது.

இந்தியாவின் முதல் லேப்ராஸ்கோப்பிப் பித்தப்பை ஆபரேஷனை 1990-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் செய்தவர் டாக்டர் டெஹம்டன் உத்வாடியா. அதே தொண்ணூறுகளில் 3டி-யும் வந்துவிட்டது. ஆனா எடுபடலை. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் 60 பித்தப்பை ஆபரேஷன்களை 2டி, 3டி என்று பிரித்துச் செய்து பார்த்தார்கள். 1998-ல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானது: நேரத்திலும் தவறுகளிலும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அப்போதைய 3டி படம் மங்கல், கண்ணுக்கும் சிரமம். அப்புறம் ஹெச்.டி திரையும் லேசான கண்ணாடியும் வந்த பிறகுதான் கதை மாறியது. தையல் போடும் வேலை அதிகமுள்ள ஆபரேஷன்களில் 3டி நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் பல காட்டியிருக்கின்றன. கூடவே, துல்லியமான 4கே 2டி திரை வந்து அந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தும் விட்டது.

கத்துக்கிறவங்களுக்குத்தான் லாட்டரி

சர்ஜரி படிக்கிறவங்க பழகுறதுக்கு ஒரு பெட்டி உண்டு. மேலே துளைகள், உள்ளே கேமரா. சிலர் பழைய ஸ்மார்ட்போனையே கேமராவா மாட்டிக்கிறாங்க. உலகம் முழுக்க இருக்கும் முதல் பாடம் இது: ஆறு சின்னப் பொருள்களை ஒரு பக்கக் குச்சிகளிலிருந்து இடுக்கியால் எடுத்து, அந்தரத்திலேயே மற்ற கைக்கு மாற்றி, மறுபக்கக் குச்சியில் மாட்டணும். 2டி-யில் புதுசா பழகுபவர் வெறும் காற்றைப் பிடிப்பார், நமக்கே பாவமா இருக்கும். 3டி-யில் சட்டென்று பிடிபடுகிறது, தவறும் குறைகிறது. ஆனா, படிச்சு முடிச்சுட்டுப் போகிற ஆஸ்பத்திரியில் 2டி மட்டும் இருந்தா? அதனால் இரண்டிலும் பழக்குவதுதான் சரி என்பேன்.

சரி, உங்க அம்மா விஷயத்துக்கு வருவோம். பித்தப்பை ஆபரேஷனில் தையல் வேலை குறைவு, பெரும்பாலும் கிளிப்தான். அதில் பயப்பட வேண்டிய விபத்து, பித்தப்பையின் குழாய் என்று நினைத்துப் பொதுப் பித்தநாளத்தை வெட்டிவிடுவது. அது ஆழம் தெரியாததால் மட்டும் வருவதில்லை. அடையாளம் மாறிப்போவதால் வருவது. 3டி கண்ணாடி ஆழத்தைக் காட்டும், எந்தக் குழாய் எதுன்னு பெயர் எழுதிக் காட்டாது. அனுபவமுள்ள சர்ஜன் 2டி-யில் செய்கிறார் என்றால் தாராளமாகச் சம்மதிக்கலாம். குடலை இணைப்பது போன்ற நுணுக்கமான தையல் வேலை என்றால் மட்டும் 3டி-யைக் கணக்கில் எடுத்துக்கோங்க. அப்பவும் சர்ஜனுக்கு அடுத்த இடம்தான் அதற்கு. மாறுகண், சோம்பேறிக் கண் உள்ள சிலருக்கு 3டி ஆழமே தெரியாது. சில சர்ஜன்கள் தலைவலி வருதுன்னு அந்தக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவதும் உண்டு.

டாக்டரிடம் தயங்காம கேளுங்க: இதே ஆபரேஷனை நீங்க எத்தனை செஞ்சிருக்கீங்க? குழாய் தெளிவாத் தெரியலைன்னா வயித்தைத் திறந்து செய்வீங்களா? ‘ஆமா, திறந்துடுவேன்’ என்று சொல்பவரிடம் அம்மாவை ஒப்படைக்கலாம். பில் கவுன்டரில் கேட்க வேண்டியது வேறு: 3டி-க்குத் தனியா எவ்வளவு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் எது வரை வரும்? பதிலை எழுதி வாங்கிக்கோங்க.