கட்டப்படாத நகரம்: பம்பாய் ஆலைநிலமும் கொறியா திட்டமும்

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலடியில் நின்று துறைமுகத்தை நோக்குவோருக்கு மதிலும் பாரந்தூக்கிகளுமே தென்படும். 1927இல் வேலைநிறுத்தம் செய்து கொழும்பை உலுக்கிய துறைமுகத் தொழிலாளரின் பரம்பரை, கொள்கலன்களின் வருகையோடு அக்காட்சியிலிருந்து பெரிதும் மறைந்துவிட்டது. ஒரு தொழில் தன் உழைப்பாளரைக் கைவிடும்போது, அவர்தம் உழைப்பால் மதிப்புப்பெற்ற நிலம் யாருக்குரியது? கொழும்பைப் போன்றே பிரித்தானியக் கடல்வாணிபத்தால் வளர்ந்த பம்பாயின் அனுபவம் இவ்வினாவைத் தெளிவுபடுத்தும்.

1854இல் தாவர் என்னும் பார்சி வணிகர் நிறுவிய கம்பெனியுடன் பம்பாயின் பஞ்சாலைத் தொழில் தொடங்கிற்று. கொங்கணக் கிராமங்களிலிருந்து வந்தோர் ஆலைகளைச் சூழ்ந்த ஒற்றையறைக் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். ‘கிரண்காவ்’, அதாவது ஆலையூர், என அப்பகுதி பெயர்பெற்றது. ஆலைத் தொழிலாளி ஒருவரால் வளர்க்கப்பட்ட மராத்தியக் கவிஞர் நாராயண் சுர்வேயின் ஆக்கங்கள் இவ்வாழ்விலிருந்தே பிறந்தன. 1982 ஜனவரியில் தத்தா சாமந்தின் தலைமையில் ஏறத்தாழ 2,50,000 தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது முறியடிக்கப்பட்டது. துணியைவிட நிலமே இலாபமானது என்பதை ஆலையுடைமையாளர் விரைவில் கண்டுகொண்டனர்.

1991இல் வகுக்கப்பட்ட விதியின்படி, ஆலைநிலம் புதுப்பிக்கப்படுமிடத்து அதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு பொதுவெளிக்கும், மற்றொரு பங்கு பொது வீடமைப்புக்கும், எஞ்சியது உடைமையாளருக்கும் சேரவேண்டும். இவ்விதியின் சாத்தியங்களை ஆராயும்படி, கட்டடக் கலைஞர் சார்ள்ஸ் கொறியாவின் தலைமையிலான குழுவொன்றை 1996இல் மகாராஷ்டிர அரசு நியமித்தது. தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் 25 ஆலைகளை அக்குழு ஆராய்ந்தது. ஒவ்வோர் ஆலையும் தனித்தனியே பங்கு விட்டால் துண்டுநிலங்களே மிஞ்சும். அவற்றை ஒருங்கிணைத்தாலே நகரத்துக்குப் பயன்படும் வெளி கிடைக்கும் என்பது அதன் அடிப்படைக் கருத்து. பரேல், எல்பின்ஸ்டன் ரோட் புகையிரத நிலையங்களின் அயலில் பாதசாரிகளுக்கான விரிந்த வெளியொன்றும் அதில் வரையப்பட்டிருந்தது.

இத்திட்டம் செயற்படுத்தப்படவில்லை. 2001இல் விதி திருத்தப்பட்டது. கட்டடங்கள் நின்ற நிலம் நீக்கப்பட்டு, ஏற்கெனவே வெறுமையாயிருந்த நிலம் மட்டுமே பங்கீட்டுக்குரியதாயிற்று. பொதுமக்களின் பங்கு பெருமளவு சுருங்கியது. 2005இல் பம்பாய் உயர் நீதிமன்றம் பொதுமக்களின் பங்கை மீட்க முனைந்தது. எனினும் 2006 மார்ச்சில் இந்திய உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கித் திருத்தத்தை நிலைநாட்டியது. ஆலைகள் நின்ற இடங்களில் அங்காடி மாளிகைகளும் அலுவலகக் கோபுரங்களும் எழுந்தன. முன்னாள் தொழிலாளருள் ஒரு சிறுபகுதியினரே வீடு பெற்றனர்.

இதனை நல்லதொரு வரைபடத்தை அதிகாரிகள் புறக்கணித்த கதையாக மட்டும் கொள்ளுதல் போதாது. 1991இன் விதியை ஒரு திருத்தத்தால் வெறுமையாக்க முடிந்தமைக்குக் காரணம், அதனைக் காக்கவல்ல வர்க்க சக்தி 1982இன் தோல்வியோடு சிதறியிருந்தமையே. தொழிலாளர் அமைப்புகள் பின்னரும் வீடமைப்புக்காகப் போராடின என்பது உண்மை. ஆயினும், உற்பத்தியை நிறுத்தும் வலிமையை இழந்தபின் அவற்றிடம் எஞ்சியது மனுச்செய்யும் உரிமையே. கொறியா குழுவின் அறிக்கையும் அரசு கேட்டு நிபுணர் வழங்கியது. தொழிலாளரின் கோரிக்கையாக அது உருவாகவில்லை. நியாயமான திட்டமாயினும், அதற்கெனப் போராடும் மக்கள் இல்லாவிடின் அது தாளிலேயே தங்கிவிடும்.

கட்டப்படாமையின் விலையை மக்களே செலுத்தினர். 2017 செப்டெம்பர் 29 அன்று, அவ்விரு நிலையங்களையும் இணைத்த ஒடுங்கிய நடைபாலத்தில் நெரிசலில் சிக்கி இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். புதிய கோபுரங்களுக்கு வேலைக்குச் செல்லும் கூட்டத்தை ஆலைக்காலத்து நிலையங்கள் தாங்கவில்லை. விரிந்த வெளி வரையப்பட்டிருந்தது அவ்வயலிலேதான்.

துறைமுகத்தையடுத்து வாழும் நாம் பம்பாயிடமிருந்து கற்கவேண்டியது இதுவே. மதிலுக்கப்பாலுள்ள நிலம் என்றேனும் பேசுபொருளாகும்போது, வரைபடத்தின் அழகை நோக்குமுன், அதன் பங்கீட்டு விதியை யார் எழுதுகின்றனர், எவரால் காக்கமுடியும் என்பதை நாம் கேட்டாகவேண்டும்.