ஒரு தாயின் புலம்பல் பிறந்த கதை

1677 ஆகஸ்ட் 5ஆம் நாள், கோவாவில் இருபத்தாறு வயதுக் குருவானவர் ஒருவர் தன்னை அடிமையாக எழுதிக் கொடுத்தார். சைவ நாயனார் சுந்தரரை ஆட்கொள்ள இறைவனே ஆளோலையோடு கல்யாணப் பந்தலுக்கு வந்து வழக்காட வேண்டியிருந்தது. இங்கே யாரும் கேட்கவில்லை, வழக்குமில்லை. எசமானி தேவமாதா, சீட்டு எழுதியவர் யோசேவ் வாஸ். ஊழியம் எந்த ஊரில் என்பது மட்டும் அப்போது அவருக்கே தெரியாது.

அந்த ஊர் கடலுக்கு அப்பால் காத்திருந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தியிருந்தார்கள். குருவுக்கு இடம் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார் வாஸ். வந்ததும் வயிற்றுப்போக்கில் படுத்துவிட்டார். எழுந்தபின் இன்னொரு சிக்கல்: யார் கத்தோலிக்கர், யார் காட்டிக்கொடுப்பவர்? கழுத்தில் செபமாலையை வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். பார்த்தவர் முகத்தில் ஏதாவது அசைகிறதா என்று கவனித்தார். அசைந்த முகங்கள் மெல்லக் கூடின. சில்லாலையில் இரகசியமாகப் பூசை நடந்தது. ஒல்லாந்தருக்கும் மணம் எட்டிவிட்டது.

தப்பிப் புத்தளம் போனவர், 1692இல் மலையேறினார். கண்டி அப்போது ஒல்லாந்தருக்கு அடங்காத இராச்சியம். பழைய போர்த்துக்கேயக் கைதிகளின் வழிவந்தவர்களும் அடக்குமுறைக்குத் தப்பிவந்த கத்தோலிக்கரும் அங்கே ஒதுங்கியிருந்தார்கள். புகலிடம் என்று நம்பித்தான் வாஸ் போனார். ஆனால் அவருக்கு முன்பே அரசனின் காதுக்கு ஒரு சேதி போயிருந்தது.

சேதி சொன்னவர் லானரோல் என்ற பிரெஞ்சுக்காரர், கால்வினிய மதத்தவர். வருகிறவன் போர்த்துக்கேய உளவாளி என்றார். விசாரணை ஒன்றும் நீளவில்லை. வாஸ் உள்ளே போனார். என் கணக்கில் இந்தக் கதையின் பெரிய அதிர்ஷ்டம் இந்தச் சிறைவாசந்தான். தப்பி ஓடாதவரைக்கும் காவலர்கள் கைதிகளைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. வாஸ் சிங்களம் படித்தார். ஒரு குடிசையைக் கட்டி அதையே கோயிலாக்கினார். பிறகு அது மாதாவின் பெயரில் முறையான கோயிலாக வளர்ந்தது. ஒல்லாந்தரால் எட்டிப் பிடிக்க முடியாத ஒரே இடத்தில், அரசனின் காவலிலேயே பூசை நடந்துகொண்டிருந்தது. அதற்குள் மழை பொய்த்தது.

வறட்சி முற்றியபோது இரண்டாம் விமலதர்மசூரியன் பிக்குமாரை வேண்டச் சொன்னான், வானம் அசையவில்லை. கடைசியில் கைதிக்கு ஆள் போனது. வாஸ் வெட்டவெளியில் சிலுவையும் பீடமும் வைத்து மன்றாடினார், மழை கொட்டியது, பீடமும் அவரும் மட்டும் நனையவில்லை என்பது பக்தர்கள் சொல்லும் வரலாறு. நனைந்தாரோ இல்லையோ, இராச்சியம் முழுவதும் போதிக்க அனுமதி கிடைத்தது. 1697இல் அம்மை நோய் கண்டியைச் சூறையாடியபோது அவர் ஓடாமல் நோயாளிகளோடு நின்றதால் மதிப்பு இன்னும் கூடியது. ஆனால் ஒரு கணக்கு மட்டும் உதைத்தது: தீவு முழுவதும் விசுவாசிகள், குருமாரோ கைவிரலில் எண்ணக்கூடியவர்கள்.

பல ஊர்களில் குருவானவர் முகத்தை ஆண்டுக்கொரு தடவை கண்டாலே பெரிது. இடைப்பட்ட காலத்துக்கு ஊருக்கொரு மூப்பரையும் அண்ணாவியையும் நியமித்தார் வாஸ். செபம் சொல்லிக்கொடுப்பதும் ஞாயிறு கூட்டுவதும் அவர்கள் வேலை. சாதாரண ஞாயிறுகளை இப்படிச் சமாளிக்கலாம். தவக்காலம் வந்தால்? பாடுகளின் வாரத்தில் குருவுமில்லை, பிரசங்கமுமில்லை. அண்ணாவி எதைக் கையில் எடுப்பார்?

அந்தக் கேள்விக்கு விடை தரப்போகும் குருவானவர் 1705இல் மன்னார்க் கரையில் இறங்கினார்: யாக்கோமே கொன்சால்வெஸ். அவரும் கோவாக்காரர், திவார் தீவில் பிறந்தவர். தாய்மொழி கொங்கணி. தமிழைப் படித்துக்கொண்டு, கண்டிக்குப் போய்ச் சிங்களத்தையும் வசமாக்கினார். போர்த்துக்கேயம், தமிழ், சிங்களம் மூன்றையும் சேர்த்து அகராதி எழுதும் அளவுக்குப் போனது அந்த வெறி. 1711 சனவரி 16இல் வாஸ் கண்டியில் கண்மூடினார். அடுத்த அரசன் நரேந்திரசிங்கன் காலத்திலும் கண்டியின் கதவு திறந்தே இருந்தது. கொன்சால்வெஸ் எழுத உட்கார்ந்தார்.

அச்சகம் இல்லை. எழுதியதெல்லாம் ஓலையில், படியெடுப்பதும் கையால். 1730களில் கொழும்பில் அச்சுக்கூடம் வந்தது, ஆனால் அது ஒல்லாந்தருடையது. மாதாவின் சுரூபத்தைக் கண்டாலே முகஞ்சுளிப்பவர்கள் கொன்சால்வெஸுக்கு அச்சடித்துக் கொடுப்பார்களா? எழுத்தாணிதான் கதி. ஆகவே குருவே இல்லாமல், எழுத்துக் கூட்டத் தெரிந்த எவரும் உரக்கப் படிக்கக்கூடிய நூலாக அவர் தவக்காலத்துக்கு எழுதுவது அமைய வேண்டியிருந்தது. படித்தால் ஊர் அழ வேண்டும். இயேசு பட்ட பாடுகளைப் பிரசங்கம் பிரசங்கமாகப் பிரித்தார். அதற்குள் மகனைப் பறிகொடுத்த தாயைக் கொண்டுவந்து நிறுத்தினார். செத்தவீட்டில் ஒப்பாரி வைத்துப் பழகிய சனத்துக்கு அந்தத் தாய் அந்நியமா என்ன? சிங்களவருக்கு இதே பொருளில் 'துக்பிராப்தி பிரசங்கய' என்று தனியாக எழுதினார். ஓலைகள் ஊரூராகப் போய்க்கொண்டிருந்தபோதே கண்டியில் காற்று மாறியது.

1742இல் கொன்சால்வெஸ் போலவத்தையில் காலமானார். இரண்டொரு ஆண்டுகளுக்குள் ஸ்ரீ விஜயராஜசிங்கனின் ஆட்சியில் கோயில்கள் இடிக்கப்பட்டன, குருமார் வெளியேற்றப்பட்டார்கள். அரை நூற்றாண்டாகக் கட்டியது சரிந்தது. கரையோரத்தில் ஒல்லாந்தர், மலையில் அரசன். இனி ஒளிய இடமில்லை.

ஆனால் குரு இல்லாத ஊருக்கென்றே எழுதிய நூலைக் குருவைத் துரத்தி என்ன செய்ய முடியும்? அது அண்ணாவிமார் கையில் இருந்தது. 1796இல் ஆங்கிலேயர் கரையோரத்தைப் பிடித்து, 1806இல் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கியபோதும் அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள். பிற்பாடு ஓலை அச்சேறியது.

அதுதான் 'வியாகுலப் பிரசங்கம்'. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தவக்காலம் பிறந்தால் கோயிலில் தானாக ஒலிக்கத் தொடங்கும் அதே வியாகுலம். எழுத்தில் அது உரைநடை. வாயில் வந்தால் இராகம். மூச்சுக்கு இடம் பார்த்து, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை இழுத்து இறக்கிப் படிப்பார்கள். பழைய மணிப்பிரவாள நடை, வடசொற்கள் முடிச்சு முடிச்சாக வரும். பாதி விளங்காமலே கண்ணைத் துடைக்கும் கிழவிகளும் உண்டு. இழுத்தது போதாது என்று வாசகரைக் குறை சொல்லும் கிழவர்களும் உண்டு. நூலாசிரியருக்குத் தமிழ் தாய்மொழி அல்ல என்பது அந்தக் கிழவர்கள் பலருக்குத் தெரியாது.