நசுங்கின பந்து

எலும்பு வைத்தியர்களுக்கு உலகமெங்கும் ஒரு மரம்தான் சின்னம். கோணலாக வளர்ந்த இளமரத்தை, பக்கத்தில் நட்ட கம்போடு கயிற்றால் வரிந்து கட்டியிருக்கும். நிக்கொலா ஆந்த்ரி என்ற பிரெஞ்சு வைத்தியர் 1741-இல் குழந்தைகளின் அங்கக் கோணல்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் வந்த படம் அது. நல்ல படந்தான். ஆனாலும் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மரத்தை ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்று தோன்றும்.

அப்படிக் கட்டுண்ட ஒரு பெண்ணின் கதையைச் சொல்லத்தான் இந்தப் பீடிகை.

பிற்காலத்தில் காதரினா ஷ்ரோத் என்று பெயர் பெற்றவள், ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரில் 1894-இல் பிறந்தாள். அவளுக்கு முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்திருந்தது. வைத்திய பாஷையில் ஸ்கோலியோசிஸ். வளைவதோடு விடாது இந்த உபாதை. பிழிந்த துணி மாதிரி தண்டு முறுக்கிக்கொள்ளும். ஒரு பக்க விலா எலும்புகள் முதுகில் புடைத்து நிற்கும். மறு பக்கத்தில் உள்வாங்கிப் பள்ளமாகும். குழந்தைகள் மளமளவென்று உயர்கிற பருவத்தில்தான் பெரும்பாலும் தலைகாட்டும். வளைவு அதிகமாகிக்கொண்டே போவது பெண்களிடம்தான் கூடுதல். ஏன் வருகிறது என்பது அநேகம் பேர் விஷயத்தில் இன்றைக்கும் புரியாத புதிர்.

பதினாறு வயதில் அவளுக்கு எஃகுக் கச்சை பூட்டினார்கள். நாங்களெல்லாம் கதாநாயகியைக் காதலில் விழவைக்கிற வயசு! கச்சை உடம்பைத் தாங்கும். ஆனால் நெஞ்சு விரிய இடம் கொடுக்காது.

நசுங்கின ரப்பர்ப் பந்து ஒன்றைப் பார்த்துத்தான் அவளுக்கு யோசனை பிறந்ததாம். காற்று ஏறினால் பந்தின் பள்ளம் தானே வெளியே வருகிறதே, என் முதுகின் பள்ளம் ஏன் வராது? கண்ணாடி முன் நின்றாள். பள்ளம் விழுந்த பக்கத்துக்கு மட்டும் மூச்சை அனுப்பப் பழகினாள்.

“அடடே, நம்முடைய பிராணாயாமம்!” என்று வாசகர் பெருமைப்படப் புறப்படுவதற்குள் சொல்லிவிடுகிறேன்: இது அதுவல்ல. அங்கே உடம்பை நேராக நிறுத்தி மூச்சைச் சீர்ப்படுத்துகிறோம். இவளோ வேண்டுமென்றே ஓரவஞ்சனையாக மூச்சு விட்டாள். முதலில் இடுப்பைச் சரிப்படுத்தி, உச்சந்தலையை யாரோ மேலே இழுப்பதுபோல் தண்டை நீட்ட வேண்டும். பிறகு குழிந்த பக்கத்து விலாக்கள் பக்கவாட்டிலும் பின்னாலும் விரியும்படி மூச்சை இழுக்க வேண்டும். மூச்சு வெளியேறும்போது, கிடைத்த இடத்தை விட்டுக்கொடுக்காமல் தசைகளை இறுக்கிப் பிடிக்க வேண்டும். நுரையீரல் உள்ளேயிருந்து நெம்புகோல் ஆகிறது. கண்ணாடி வாத்தியார் ஆகிறது. சொல்ல எளிது. தன் முதுகின் ஒரு மூலையை மட்டும் அசைத்துப் பாருங்கள், தெரியும்.

1921-இல், பீங்கானுக்குப் பேர்போன மைசென் ஊரில், ஒரு சிறிய சிகிச்சை இல்லம் தொடங்கினார் அந்த அம்மாள். தோட்டத்து வெயிலில் பெண்கள் வரிசையாக அப்பியாசம் செய்கிற பழைய புகைப்படங்கள் இருக்கின்றன. முதுகை மூடி மறைத்தே வளர்ந்தவர்கள், அங்கே முதுகைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு அந்தப் படங்களில் பெரிதாகப் படுவது அதுதான். வைத்தியப் பட்டம் இல்லாத ஒரு பெண் எலும்பைத் திருத்தக் கிளம்பினால் வைத்தியர்கள் சும்மா இருப்பார்களா? எதிர்ப்பு பலமாகவே இருந்தது. யுத்தத்துக்குப் பின் மைசென் கிழக்கு ஜெர்மனியில் அகப்பட்டுக்கொண்டது. அம்மாள் மேற்கே வந்து, மகள் கிறிஸ்டாவுடன் 1961-இல் சோபர்ன்ஹைம் ஊரில் மறுபடி தொடங்கினார். 1985-இல் மறைந்தார். தொண்ணூற்றொரு வயது நிறைய மூன்று நாள்தான் பாக்கி.

சரி, மூச்சு முதுகை நிமிர்த்திவிடுமா? இங்கே கதாசிரியன் வாயை அடக்க வேண்டும். 50 இளம் வயதினரை வைத்து ஆறு மாதம் கானடாவில் நடத்திய ஓர் ஆராய்ச்சி 2016-இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையோடு இந்த அப்பியாசமும் செய்தவர்களின் வளைவு, செய்யாதவர்களைவிடச் சில டிகிரி நல்ல நிலையில் இருந்தது. சில டிகிரிதான். வளைவு ஐம்பது டிகிரியை எட்டினால் அநேகமாகக் கத்திதான் வழி. அவள் வெறுத்த கச்சையும் வீண் இல்லை. 2013-இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆராய்ச்சியில், கச்சை அணிந்தவர்களில் நூற்றுக்கு 72 பேருக்கு வளைவு அந்த ஐம்பதுக்குப் போகாமல் நின்றது. அணியாதவர்களில் 48 பேருக்கு. பகலும் இரவுமாக அதிக நேரம் போட்டிருந்தவர்களுக்குப் பலனும் அதிகம்.

ஆனால் இன்றைய கச்சை பழைய எஃகு அல்ல. பிரெஞ்சு வைத்தியர் ஷேனோ 1970-களில் உருவாக்கிய பிளாஸ்டிக் கச்சையில், புடைத்த பக்கத்தை ஓர் அழுத்தம் தள்ளுகிறது. குழிந்த பக்கத்தில் வேண்டுமென்றே ஒரு காலியிடம் விட்டிருக்கிறார்கள். பெண் மூச்சு இழுக்கும்போது விலாக்கள் போய் நிரம்புவதற்காக விட்ட இடம் அது.