ஓட்டோ காசில் செயலிக்கு எவ்வளவு?

போக்குவரத்துச் செயலிகளைப் பற்றிப் பேசும்போது நான் முதலில் பார்ப்பது, பயணி கொடுக்கும் காசு யார் கைக்குப் போகிறது என்பதைத்தான்.

ஊபர், ஓலா போன்ற நிறுவனங்கள் ஒவ்வொரு ஓட்டத்திலும் கொமிஷன் கழித்தே இந்தியாவில் வளர்ந்தன. 2022 இறுதியில் பெங்களூரில் ஓட்டோ சாரதிகளின் சங்கத்தோடு சேர்ந்து வந்த 'நம்ம யாத்ரி' செயலி கொமிஷன் எடுக்கவில்லை. பயணி முழுக் கட்டணத்தையும் சாரதியிடமே கொடுப்பார். 2023 இல் அது சாரதிகளுக்குச் சந்தாவைக் கொண்டுவந்தது: நாளொன்றுக்கு 25 இந்திய ரூபா, அல்லது ஓட்டத்துக்கு 3.50 ரூபா. ஏழு ஓட்டம் வரை இரண்டாவதே மலிவு. 2025 இல் ஊபரும் இந்திய ஓட்டோக்களுக்குச் சந்தா முறைக்கு மாறியது. அதே ஆண்டு வந்த 'சென்னை ஒன்' செயலியில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே சீட்டு. ஓட்டோவையும் அதிலேயே அழைக்கலாம்.

போருக்குப் பின் வடக்கில் லீசிங்கில் எடுத்த ஓட்டோவை நம்பி வாழும் குடும்பங்கள் பல. ஓட்டம் இல்லாத நாளுக்கும் தவணை உண்டு. நாட்சந்தா ஓட்டம் கூடினாலும் மாறாது, கொமிஷனோ ஓட்டம் கூடக்கூடக் கூடும். எது கட்டும் என்பதைச் சாரதிகள் தனித்தனியாக அல்ல, சங்கமாகக் கணக்குப் பார்த்துப் பேச வேண்டும்.