தோல் ஒட்டும் தோல் மடலும் (தலை, கழுத்துச் சீரமைப்பு)

விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றால் முகத்திலும் கழுத்திலும் இழந்த பகுதியை உடலின் வேறிடத்துத் தோலால் மூடும் அறுவை முறைகள். இரத்த ஓட்டத்தைத் துண்டித்து எடுத்து வைப்பது ஒட்டு. அது புண்ணின் அடித்தளத்திலிருந்து இரத்தம் பெற்றுப் பிழைக்கும். தன் இரத்த ஓட்டத்தோடு வருவது மடல்.

வரலாறு: அறுந்த மூக்கை இலையால் அளந்து கன்னத்துத் தோலால் அமைக்கும் முறையைச் சுசுருத சங்கிதை கூறுகிறது. நூலின் காலத்தைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்பர் சிலர். பல நூற்றாண்டுகளில் திரண்ட தொகுப்பு என்பர் வேறு சிலர். நெற்றித் தோலால் மூக்கமைக்கும் வழக்கம் எப்போது தோன்றியது என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு.

அம்முறையைப் பற்றிய விரிவான பதிவு, 1794 அக்டோபரில் லண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' வெளியிட்ட கடிதம். ஆங்கிலப் படையில் மாடோட்டியாக இருந்த கவாஸ்ஜி, மைசூர்ப் போரில் மைசூர் ஆட்சியாளர் திப்பு சுல்தானின் படையிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். புனே அருகே, செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவர் அவருக்கு மூக்கமைத்தார். மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கின் இடத்தில் பொருத்தி அளவெடுத்து, அதை நெற்றியில் விரித்துக் கோடிட்டார். புருவங்களுக்கு நடுவே ஒரு தோல் இணைப்பை மட்டும் விட்டு, நெற்றித் தோலை உரித்துக் கீழே திருப்பிப் பதித்தார். கட்டுத்துணியில் தடவியது, வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டியைக் குழைத்த பசை. 4 நாளுக்குப் பின் நெய்த்துணி. 10ஆம் நாள் நாசித்துளைகளில் மென்துணி. ஏறத்தாழ 25ஆம் நாள் இணைப்பு அறுக்கப்பட்டது. அந்தக் கைதேர்ந்தவரின் பெயரைக் கடிதம் குறிக்கவில்லை.

லண்டனில் அறுவை மருத்துவர் ஜோசப் கார்ப்யூ 1814இல் இம்முறையைக் கையாண்டு, 1816இல் நூலாக வெளியிட்டார். தோல் ஒட்டை 1869இல் ரெவர்தான் அறிமுகப்படுத்தினார். முதல் உலகப் போரில் அறுவை மருத்துவர் கில்லிஸ், தோலைக் குழாயாகச் சுருட்டித் தைக்கும் குழாய் மடலைப் பரப்பினார். 1965இல் பகம்ஜியன் மார்புத் தோல் மடலையும், 1979இல் ஆரியன் மார்புத் தசை மடலையும் விவரித்தனர்.

மலேசியாவின் பேராக் மாநிலம்: ரப்பர் தோட்டங்களுக்கு வந்த தமிழரோடு வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் வழக்கமும் வந்தது. இத்தகைய சீரமைப்பைத் தேவையாக்கும் வாய்ப்புற்று மலேசியாவில் இந்தியரிடையே, குறிப்பாகப் பெண்களிடையே, மிகுதி. புகையிலை கலவாத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் விளைவிக்கும் என, உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுப்பு வகைப்படுத்தியது.

இன்றைய நிலை: முன்கைத் தோலையோ கெண்டைக்கால் எலும்பையோ அதன் இரத்தக்குழாயோடு மடலாக எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் கழுத்து இரத்தக்குழாயில் இணைக்கின்றனர். வாய்ப்புற்றைச் சிறிதாக இருக்கும்போதே கண்டறிந்தால் தையலோ தோல் ஒட்டோ போதுமானதாகலாம். தாடை எலும்புவரை பரவினால் எலும்போடு கூடிய மடல் தேவைப்படலாம். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.